பல் டாக்டரும் பக்கவாட்டுப் பையும்

அந்தக் கேமராப் பையை மனைவியின் வாயாலேயே வாங்கச் சொல்ல வைப்பது என்று பல் டாக்டர் முடிவு கட்டினார்.

ஊரார் வாயையெல்லாம் திறக்க வைப்பவர் அவர். வீட்டில் அவர் வாயைத் திறந்தால்தான் வம்பு. அவர் நல்லது என்று சொன்ன எதுவும் அம்மணிக்கு ஆகாது. நீலத் திரைச்சீலை என்றார், பழுப்பு தொங்கியது. மாடி வீடு என்றார், கீழ்வீட்டில் குடியிருக்கிறார்கள். ஆகவே இந்தமுறை வேண்டாத பையைப் புகழ வேண்டும், வேண்டிய பையைத் திட்ட வேண்டும். மிச்சத்தை அம்மணி பார்த்துக்கொள்வாள்.

விஷயம் அவசரம். பழைய பையில் லென்ஸெல்லாம் அடியில் உருண்டு கிடக்கும். மச்சினி மகளின் பிறந்தநாளன்று, மெழுகுவத்தியை ஊதுகிற நேரத்தில் உள்ளே கையை விட்டுத் துழாவினார். லென்ஸ் அகப்பட்டபோது கேக்கே தீர்ந்துபோய், குழந்தை விரலை நக்கிக்கொண்டிருந்தாள். அதற்குள் சகலை கைபேசியை நீட்டி நாலு தட்டுத் தட்டியிருந்தார். மச்சினி வீட்டுச் சுவரில் இன்று தொங்குவது சகலை எடுத்த படம். டாக்டருக்கு அந்த வீட்டில் காபி இறங்குவதில்லை. சனிக்கிழமை அதே குழந்தைக்குப் பள்ளியில் ஓட்டப்பந்தயம். அதையும் கோட்டைவிட்டால் குடும்பத்தின் படக்காரர் பதவி சகலைக்கே பட்டாவாகிவிடும்.

கடையில் அம்மணி பார்க்க டாக்டர் பெரிய முதுகுப் பை ஒன்றைத் தட்டிக்கொடுத்தார். "பைன்னா இது பை. குடும்பத்தையே உள்ள வைக்கலாம்."

"ஒரு லென்ஸ் வேணும்னா?"

"கழட்டணும். தரையில படுக்க வைக்கணும். சுத்திவர ஜிப்பைத் திறக்கணும். நிதானமா எடுக்கலாம். அவசரம் உடம்புக்கு ஆகாது பாரு."

"அந்தத் தோள்பை?"

"சீ, அதுவா? பக்கத்துல தொங்கும். ஒரு இழுப்புல முன்னாடி வந்துடும். மூடியைத் தூக்கினா லென்ஸெல்லாம் வரிசையா நிக்கும். டக் டக்னு எடுத்து மாட்டிடலாம். மனுஷனுக்கு உழைப்பே இல்லாம போயிடும்."

"சார், எல்லாரும் அதுக்காகத்தான் இதை வாங்கறாங்க," என்றார் கடைக்காரர்.

"நீங்க சும்மா இருங்க," என்று டாக்டர் அவரைப் பார்த்துக் கண்ணடித்தார். கடைக்காரர் பாவம், ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார்.

அம்மணி தோள்பையை மாட்டினாள். இழுத்துப் பார்த்தாள். மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். டாக்டருக்கு உள்ளுக்குள் குதியாட்டம்.

"சரிங்க. ஒரு தடவையாவது உங்க இஷ்டப்படி நடக்கட்டும். அந்த முதுகுப் பையே உங்களுக்கு."

மரத்துப்போக ஊசி போட்டதுபோல் டாக்டருக்கு நாக்குக் குழறியது.

"இல்ல... உனக்கு இதுதான் பிடிச்சிருக்குன்னா..."

"ஆமா. அதனால இது எனக்கு. உங்களுக்குத்தான் ஆகலியே."

சனிக்கிழமை டாக்டர் மூட்டை சுமந்து மைதானத்துக்கு வந்தார். விசில் ஊதப் போகிறார்கள். கழற்றினார். படுக்க வைத்தார். சுத்திவர ஜிப்பைத் திறந்தார். உள்ளே தண்ணீர் பாட்டில், விரிப்பு, இரண்டு குடை, எல்லோருக்கும் மதியச் சாப்பாடு. கேமராவைக் காணோம்.

நிமிர்ந்தார். கயிற்றோரம் அம்மணி நின்றிருந்தாள். தோள்பை முன்னால் வந்திருந்தது, கேமரா கண்ணில் இருந்தது. குழந்தை கோட்டைத் தாண்டினாள். க்ளிக். விழுந்த பல்லின் ஓட்டைகூடத் தெளிவாக விழுந்திருந்தது. டாக்டர் எட்டிப் பார்த்தார், படம் நன்றாகத்தான் இருந்தது. சகலையே கைபேசியைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, "இனிமே நம்ம வீட்டு விசேஷத்துக்கெல்லாம் நீங்கதான் எடுக்கணும்," என்று அம்மணியிடம் சொல்லிவிட்டார்.

"உனக்கு இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தா?" என்றார் டாக்டர்.

"தினம் சோத்தைப் பிசைஞ்சுகிட்டே எந்த லென்ஸ் எதுக்குன்னு பாடம் நடத்துனீங்களே, அது யாருக்கு? சுவத்துக்கா? அப்புறம் இன்னொண்ணு. கடைக்காரருக்குக் கண்ணடிக்கறப்போ எதிர்ல கண்ணாடி இருக்கான்னு பாத்துக்கணும்."

அடுத்து தொடர் ஓட்டம். அம்மணி தோள்பையைக் கழற்றி டாக்டரின் தோளில் மாட்டினாள். ஆசைப்பட்ட பை ஒருவழியாக அவரிடம் வந்து சேர்ந்தது. மைதானத்திலிருந்து பார்வையை எடுக்காமலே அவள் பின்பக்கம் கையை நீட்டினாள்.

"நீள லென்ஸ். உங்க நர்ஸ் நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே கையில வைப்பாங்க இல்ல? அப்படிக் குடுக்கணும்."