சாக்கடைப் பிரபுக்களும் என் குடையும்

ஓல்டம்,
நவம்பர் 1977

அன்பும் மதிப்பும் நிறைந்த அண்ணன் ஸ்டான்லிக்கு, தங்கை மேவிஸ் எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் நலம் என்று எழுத ஆசைதான். பொய் எழுதக் கை வரவில்லை. உங்கள் மூட்டுவலி தேவலையா? அண்ணியாருக்கு என் அன்பைச் சொல்லவும்.

உங்கள் பிஸ்கட் தொழிற்சாலையில் என் மகன் டிரெவருக்குச் சொல்லிவைத்த வேலை இன்னும் காலியாக இருந்தால், திங்கட்கிழமையே வந்து அவனை இழுத்துக்கொண்டு போய்விடுங்கள். உங்கள் மருமகன் இப்போது 'பங்க்' என்கிற புதுக் கூச்சல் பாட்டுப் பாடகன். கோஷ்டியின் பெயர் 'சாக்கடைப் பிரபுக்கள்'. வரலாறு என்று பார்த்தால், ஏப்ரலில் எங்கள் நிலக்கரிக் கொட்டகையில் பிறந்தது. மூணு பேர், மூணு பேருக்கும் சேர்த்து கிதார்ல மூணே சுரம்தான் தெரியும். நாலாவது தெரிஞ்சவனைச் சேர்க்க மாட்டாங்களாம், அவன் மேதாவியாம். அதோட போச்சா? ஊரையே கெடுத்து வெச்சிருக்குதுங்க. பாதிரியார் பொண்ணு தலைக்குப் பச்சைச் சாயம் பூசிக்கிட்டு கோயில்ல முதல் வரிசையில உக்காருது. கடைத்தெருவுல ஒரு ஊக்கு கிடைக்கலை, எல்லாம் இந்தப் பசங்க காதுல தொங்குது. டிரெவரோட அக்கா ஷீலா தன் குழந்தைக்கு இடுப்புத்துணியை முடிச்சுப் போட்டுத்தான் கட்டுறா.

சனிக்கிழமை மதுக்கடை மாடியில பாடுறான்னு போனேன், பெத்த மனசு கேக்கலை. அவன் வாயைத் திறந்ததும் முன்வரிசை மொத்தமும் அவன் மேல எச்சில் துப்புது. நான் இஸ்திரி போட்ட சட்டை அண்ணா, அவனே அழகுக்குன்னு கிழிச்சுவிட்ட இடத்தைக்கூட இஸ்திரி போட்டிருந்தேன். எனக்கு வந்ததே கோபம். மேடையில ஏறி, குடையால ஒவ்வொருத்தன் மண்டையிலயும் போட்டேன். "உங்கம்மா இதைத்தான் சொல்லிக் குடுத்தாளா?"ன்னேன். மூக்குல ஊக்கு மாட்டின ஒரு தடியன், "மன்னிச்சுக்கங்கம்மா"ன்னு கைக்குட்டையால வாயைத் தொடைக்கிறான். டிரெவர் மைக்குலயே, "மானத்தை வாங்காதேம்மா. பிடிச்சாத்தான் துப்புவாங்க. ஏழு மாசமா ஒருத்தனும் துப்பலை. இன்னிக்குத்தான் துப்பினாங்க, அதையும் கெடுத்துட்டே"ங்கறான். சொல்லும்போதே குரல் உடைஞ்சுபோச்சு.

பிடிச்சா கைதட்டணும், இது என்ன கண்றாவி? அன்னியிலேர்ந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. வறுத்த மீன் வெச்சா தொடக்கூட மாட்டேங்கறான். தயவுசெஞ்சு அந்த வேலையை வேற யாருக்கும் குடுத்துடாதீங்க.

இந்தக் குளிர்காலத்தில் கர்த்தர் உங்கள் மூட்டுகளையும் அண்ணியாரின் பொறுமையையும் காப்பாராக.

என்றும் அன்புள்ள,
மேவிஸ் ஆலரன்ஷா

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் அந்த மூக்கு ஊக்குத் தடியன் வாசலுக்கே வந்துட்டான். என் குடையடி லீட்ஸ் ஊர் வரைக்கும் பேச்சாம், அங்க ஒரு மண்டபத்துல பாடக் கூப்பிடுறாங்களாம், குடையம்மாவும் வந்தாத்தான் உண்டாம். டிரெவர் தரையைப் பாத்துக்கிட்டு, "வர்றியாம்மா?"ன்னான். மூணு நாள் கழிச்சு இப்பத்தான் அம்மான்னான். வேலையை வேற யாருக்காவது குடுத்துடுங்க. திங்கட்கிழமை லீட்ஸ் போக உங்க பிஸ்கட் வேனை மட்டும் அனுப்புங்க. அண்ணியோட பெரிய குடையையும் அதுல போட்டுவிடுங்க, என்னோடது வளைஞ்சுபோச்சு.