காசுக் கிராணியின் காது

பீடோங் வட்டாரத்தில் காசுக் கிராணியின் காதை ஏமாற்றிய காசு எதுவும் கிடையாது. மனிதர்கள் ஏமாற்றியிருக்கிறார்கள். பங்காளிகள், தரகர்கள், ஒருமுறை ஒரு கறவை மாடுகூட ஏமாற்றியிருக்கிறது. காசு மட்டும் ஏமாற்றியதில்லை.

தோட்டத்து ஆபீசில் முப்பது வருடம் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீசுக்கும் ரப்பர் ஆலைக்கும் நடுவே ஒரே சுவர். அந்த இரைச்சலில் பேசிப் பழகியதால், அவர் ரகசியம் சொன்னால் மூன்று லயம், அதாவது மூன்று வரிசை வீடு, தள்ளிக் கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் பாய் கோப்பிக் கடைக்கு வருவார். அங்கே சலவைக்கல் மேசை இருந்தது. பழைய வெள்ளிக் காசு வைத்திருப்பவர்கள் அவரைச் சுற்றிக் கூடுவார்கள். காசை மேசையில் ஒரு சாண் உயரத்திலிருந்து போடுவார். தலையைச் சாய்ப்பார். “உசுரு இருக்கு” என்றால் நல்ல காசு. “செத்த காசுலா” என்றால் அதோடு முடிந்தது. தாயார் காலத்திலிருந்து பெட்டியில் கிடந்த காசுகளைத் தோட்டத்து அக்காமார் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் விற்பார்கள். அவருக்குக் கூலி, பால் போடாத ஒரு கோப்பி ஓ.

கோயிலிலும் அந்தக் காது சும்மா இருக்காது. காணிக்கைப் பை வரும்போது சிலர் செல்லாத பழைய காசைப் போட்டுக் கடவுளைச் சமாளிப்பது உண்டு. பாட்டுக்கு நடுவே கிராணியின் குரல் எழும்பும்.

“யாருலா அது? வெள்ளக்காரன் காலத்து அஞ்சு காசு போட்டது?”

காணிக்கை கூடியதற்குத் தன் பிரசங்கம் காரணமில்லை என்று பாதரே ஒப்புக்கொண்டார். கொஞ்ச காலமாகக் கிராணி அப்படிக் கத்துவதை நிறுத்தியிருந்தார். வயதாகி பக்தி வந்துவிட்டது என்று நாங்கள் நினைத்தோம்.

நான் தமிழ்ப்பள்ளி வாத்தியார். எனக்கும் காசுப் பைத்தியம் உண்டு. ஆனால் காது கிடையாது. இரண்டு தடவை ஈயத்தை வெள்ளி என்று வாங்கிச் சூடு பட்டவன். அதனால் எண்பதுகளின் கடைசியில் பினாங்கு வியாபாரி ஒருவர், பிளாஸ்டிக் கூட்டில் அடைத்த காசைக் காட்டியபோது எனக்குக் கண் கலங்காத குறைதான். ராஜா தலை போட்ட ஒரு டாலர் வெள்ளிக் காசு. அமெரிக்காவில் யாரோ பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, நல்ல காசு என்று சீட்டு எழுதி, எழுபதுக்கு அறுபத்து மூன்று மார்க்கும் போட்டு, திறக்க முடியாதபடி மூடியிருந்தார்கள். என் மாணவன் எவனும் வாங்காத மார்க். போனஸ் முழுவதையும் கொடுத்து வாங்கிவிட்டேன்.

ஞாயிறன்று பெருமையாக மேசையில் வைத்தேன். கிராணி புரட்டிப் பார்த்தார்.

“மார்க்கு போட்டிருக்கான். காசு என்னா பரீச்சையா எழுதுச்சி?”

“தெரிஞ்சவங்க பாத்து சொன்னதுண்ணே. இனிமே யாரும் ஏமாத்த முடியாது.”

“யாரு பாத்தா? அவன் மூஞ்ச நீ பாத்தியா தம்பி?”

பார்த்ததில்லைதான். முகம் தெரியாத அவனை நம்பித்தான் போனஸைக் கொடுத்திருந்தேன். நான் பதில் யோசிப்பதற்குள், பாய் ஐஸ் உடைக்க வைத்திருந்த சுத்தியலைக் கிராணி எடுத்து ஒரே போடு. கூடு நான்காகத் தெறித்தது. கூடு போனால் விலையும் பாதி போச்சு என்று வியாபாரி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

“அண்ணே!” என்று நான் அலறியது பாசார் வரை கேட்டிருக்கும்.

அவர் சட்டை செய்யாமல் காசைப் போட்டார். கணீரென்றது. தலையைச் சாய்த்தபடியே இருந்தார். கடையே காத்திருந்தது.

“தம்பி, நீ ஒருக்கா போடு” என்றார். அந்தக் குரல் பக்கத்து நாற்காலிக்கே கேட்டிருக்காது.

நான் போட்டேன். அவர் காசைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பதினைந்து வருடம் பரீட்சை அறையில் நின்றவன் நான். அடுத்தவன் தாளைத் தேடும் கண்ணை எனக்குத் தெரியாதா? கோயிலில் அவர் மௌனமானது பக்தியினால் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. ஆலை இரைச்சல் முப்பது வருடமாக அந்தக் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது; பேச்சு கேட்கும், காசின் மெல்லிய நாதம் மட்டும் இப்போது கேட்பதில்லை. இது வெளியே தெரிந்தால் நாளை முதல் அவர் கோப்பி குடிக்க வரும் ஒரு கிழவர், அவ்வளவுதான்.

கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும், அமெரிக்காக்காரன் போட்ட அந்த மார்க்கை நம்பி, லேசாகத் தலையாட்டினேன்.

“உசுரு இருக்குலா!” என்று கிராணி கடை அதிர அறிவித்தார். அன்று என் கோப்பிக்கும் அவரே காசு கொடுத்தார். அப்படி ஒரு அதிசயம் அதற்கு முன் நடந்ததில்லை.

அடுத்த ஞாயிறு அவர் தன் எதிர் நாற்காலியைத் துண்டு போட்டு எனக்காகப் பிடித்து வைத்திருந்தார். அக்காமார் கொண்டுவரும் காசுக்கு எவன் மார்க் போட்டிருக்கிறான்? நான் தப்பாகத் தலையாட்டினால் யாரோ ஒருத்தியின் நல்ல வெள்ளி பழைய இரும்போடு போய்விடும். அந்தப் பாவம் அவர் பேரில் விழும். அன்று எனக்குத் தலைவலி, வீடு வரை துணைக்கு வாங்க என்று அவரை இழுத்துக்கொண்டு போனேன். அந்த ஞாயிற்றுத் தலைவலி மூன்று மாதம் நீடித்தது.

அந்த மூன்று மாதமும் கூடில்லாத காசாக, நல்லதும் கெட்டதுமாக, கிடைத்ததையெல்லாம் வாங்கி வீட்டுச் சிமெண்டுத் தரையில் போட்டுப் போட்டுக் கேட்டேன். மனைவி எனக்கு மந்திரிக்க ஆள் தேடினாள். ஒருநாள் ஈயத்தின் மந்தமான சத்தம் எனக்கே தனியாகக் கேட்டது. அந்த ஞாயிறு தலைவலி தீர்ந்தது.

அதன் பிறகு நான் பிளாஸ்டிக் கூட்டுக் காசு வாங்கவில்லை. அவர் எதிரே உட்கார்ந்து தலையாட்டுவது அதைவிடப் பிடித்திருந்தது.

கிராணியின் காதை ஏமாற்றிய காசு கிடையாது என்று முதலில் சொன்னேன். இப்போதும் அதையே சொல்வேன். அவருடைய கடைசி ஏழு வருடம் அந்தக் காது என் தலையில் இருந்தது, அவ்வளவுதான்.