உள்தாழ்ப்பாள் வைத்த ரொட்டி அடுப்பு

அப்துல் சலாம் பேக்கரிப் படியை இனி மிதிப்பதில்லை என்று இருதயநாதன் சபதம் எடுத்தார். மண்ணுக்கும் மானத்துக்கும் சபதம் எடுத்தவர்கள் உண்டு. இவர் எடுத்தது முந்திரிப் பருப்புக்கு.

விஷயம் இதுதான். கிறிஸ்மஸ் வந்தால் மன்னார்புரத்துக் கிறிஸ்தவ வீடுகளில் கேக் மாவை வீட்டிலேயே கலந்து, தட்டில் பேர் ஒட்டி, பேக்கரிக்குக் கொடுத்தனுப்பி வேகவைத்து வாங்குவார்கள். போன வருஷம் தட்டு மாறிவிட்டது. இவர் வீட்டுக்கு வந்த கேக்கில் பேருக்குக்கூட ஒரு முந்திரி இல்லை. இவருடைய முந்திரியை எவனோ தின்று ஏப்பம் விட்டுவிட்டான். கடை வாசலில் நின்று இவர் போட்ட கூச்சலைப் பொறுமையாகக் கேட்ட அப்துல் சலாம், "அவ்வளவு சந்தேகம்னா கொல்லையில சொந்தமா அடுப்பு கட்டிக்கங்க சார்" என்றார்.

போதாதா? இருதயநாதன் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பாய்லர் பிரிவு. அங்கே அவர் கையெழுத்துப் போடுகிறாரே தவிர, நெருப்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அது வேறு கதை.

"நெருப்பைப் பத்தி எனக்கா சொல்றான்? எஞ்சினையே ஓட வைக்கிறவன்யா நான்!" என்று பக்கத்து வீட்டு அடைக்கலராஜிடம் மார்தட்டினார். "அடுத்த கிறிஸ்மஸுக்குத் தெருவுக்கே என் அடுப்புக் கேக்தான். எழுதி வச்சுக்க!"

மறு ஐப்பசியில் ஒரு வண்டி செங்கல் கொல்லையில் வந்து இறங்கியது. அதைப் பார்த்த அவர் மனைவி மரியபுஷ்பத்துக்கு வயிறு பற்றி எரிந்தது. எரியாதா? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் கேட்பது ஒன்றே ஒன்று. செங்கல்லில் ஒரு குளியலறை. கொல்லை மூலையில் நாலு ஓலைத் தட்டிக்குள்தான் அந்த வீட்டுப் பெண்பிள்ளைகள் குளிக்க வேண்டும்.

"காத்தடிச்சா ஒரு கையில செம்பு, ஒரு கையில தட்டி. எத்தனை நாளைக்குங்க இந்தக் கூத்து?" என்பாள்.

"எங்க பாட்டன் காவேரியில குளிச்சான். கட்டடமா கேட்டான்?" என்பார் இவர். அத்தோடு பேச்சு முடிந்தது.

இப்போது கேக் குளிர் காய ஒரு வண்டிச் செங்கல்! மரியபுஷ்பம் சமையலறைக்குள் போனாள். மூக்கை உறிஞ்சினாள். வெளியே வந்தபோது கையில் டிகிரி காபி இருந்தது. அந்த இடத்திலேயே மனுஷன் உஷாராகியிருக்க வேண்டாமா? முந்திரியில் வந்த சந்தேகம் காபியில் வரவில்லை.

"ஏங்க, கொத்தனாரைக் கூப்பிடலையா?"

"கொத்தனாரா? அவனுக்கு என்னடி தெரியும்?"

"அதானே! எனக்கு ஒண்ணுதாங்க சந்தேகம். எஞ்சினுக்குப் புகைக்குழாய் எங்க இருக்கும்?"

"உச்சியில."

"அப்ப அடுப்புக்கும் உச்சியில பெருசா ஒரு ஓட்டை வேணுமில்ல? வட்டம் கோணாம வரணும்னா, நம்ம வெந்நீர் அண்டாவை நடுவுல வச்சு, சுத்திக் கல்லை அடுக்குங்க. விளிம்பு மட்டும் மேல நிக்கட்டும்."

"பரவாயில்லையே, உனக்கும் கொஞ்சம் மூளை இருக்கு" என்றார் இருதயநாதன். பாவி மனுஷன்!

அடுப்பு எழும்பியதும் மழை பிடித்துக்கொண்டது.

"ஐயோ, மண்ணெல்லாம் கரையுதேங்க! மேல ஓடு போட்டா என்ன?"

ஓடு நிற்கச் சுவர் வேண்டுமே. மிச்சச் செங்கல்லில் நாலு பக்கமும் சுவர் எழுந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு கரண்டியும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்.

"சாம்பலைக் கழுவி விடணுமே. தரைக்குச் சிமெண்டு பூசி, சரிவு விட்டு, மூலையில ஒரு தூம்பு வச்சிடுங்க."

வைத்தார்.

"அடைக்கலராஜ் அண்ணன் சும்மா சும்மா எட்டிப் பாக்குறாருங்க. உங்க வேலையைக் காப்பி அடிச்சிட்டா?"

இருதயநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றைக்கே மரக்கதவு வந்தது.

"தாழ்ப்பாளை உள்பக்கம் வைங்க. நீங்க மும்முரமா வேலை பாக்கும்போது யாராவது திறந்துட்டா?"

உள்பக்கமே வைத்தார். ரொட்டி அடுப்புக்கு எவனாவது உள்தாழ்ப்பாள் வைப்பானா? பாய்லர் பிரிவு வைத்தது.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் காலை. பழைய ஓலைத் தட்டிகளை மரியபுஷ்பமே பிய்த்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "நெருப்பு பத்த வைக்க இதுதாங்க தோது."

சுள்ளென்று பிடித்தது. இருதயநாதன் கேக் தட்டை உள்ளே தள்ளினார். சூடு முழுக்க உச்சி ஓட்டை வழியாக ஓட்டுக்கூரைக்குப் போயிற்று. இவர் விறகைத் திணித்தார். புகை இவர் கண்ணுக்குள் வந்தது. தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது. வெளியே எடுத்தபோது கேக்கின் அடி கரி, நடு களி, மேலே பச்சை மாவு. அத்தனை முந்திரியும் முழுசாக இருந்தது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

தெருவுக்கே சொல்லி வைத்திருக்கிறாரே! மனுஷன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"விடுங்க. மாவுல பாதியை நான் விடியக்காலையிலேயே சலாம் பாய் கடைக்குக் கொடுத்தனுப்பிட்டேன். சாயங்காலம் வந்துடும்" என்றாள் மரியபுஷ்பம்.

"அந்த ஆள் கடைக்கா? என் மானம் என்னாகிறது?"

"யாரும் வாயைத் திறக்கலன்னா மானம் எங்கேயும் போகாது. கொஞ்சம் தள்ளுங்க."

அண்டாவைத் தூக்கி அந்த உச்சி ஓட்டையில் இறக்கினாள். அளவெடுத்துத் தைத்த ரவிக்கை போல உட்கார்ந்தது. விளிம்பு மட்டும் மேலே நின்றது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். கீழே நெருப்பு, மேலே ஓடு, நாலு பக்கமும் சுவர், மூலையில் தூம்பு. இருதயநாதன் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியாகத் தாழ்ப்பாளைப் பார்த்தார்.

"அடிப்பாவி!"

"வெந்நீர் இப்பக் காய்ஞ்சிடும். கரி பூசின மூஞ்சியோட கோயிலுக்கு வர முடியாது. குளிச்சிட்டு வாங்க. தாழ்ப்பாள் போட்டுக்கங்க."

குளித்தார். சுகமாகத்தான் இருந்தது. அதுதான் ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது.

மறுநாள் வீட்டுக்கு வந்த அடைக்கலராஜ் கேக்கைத் தின்றுவிட்டு விரலைச் சூப்பினார். "அப்பப்பா! சலாம் கடை பிச்சை வாங்கணும் சார்!"

இருதயநாதன் மீசையைத் தடவிக்கொண்டு மனைவியைப் பார்த்தார். அவள் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடைக்கலராஜ் குரலைத் தாழ்த்தினார். "ஒரு ரகசியம் சார். நானும் ஒரு ரொட்டி அடுப்பு கட்டப் போறேன். என் சம்சாரமே வாயைத் திறந்து கேட்டுட்டா. தாழ்ப்பாளை மட்டும் உள்பக்கம் வைக்கச் சொல்றா. ஏன்னுதான் புரியல!"

இருதயநாதன் வாயைத் திறந்தார். மரியபுஷ்பம் அதில் ஒரு துண்டு கேக்கை வைத்தாள்.