ஐந்தேகால் அடி வாசல்

வீடு திருத்துகிறவர்களுக்கு ஆலோசனை சொல்ல எங்கள் அன்புவழிபுரத்தில் ஆளுக்குக் குறைவில்லை. சாந்தகப்பையைக் கையால் தொட்டே பாராதவர்தான் சீமெந்துக் கலவையைப் பற்றி அதிகம் கதைப்பார். நான் அப்படிப்பட்டவள் இல்லை. ஒரு வீட்டைத் திருத்தப் போய், நன்றாகக் கெடுத்தும் காட்டியவள். அதனால் என் ஆலோசனையைத் தாராளமாக நம்பலாம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு 'இல்லை' என்று சொல்ல வராது. (பள்ளிக்கூடத்தில் ரீச்சர் "விளங்கிச்சோ?" என்று கேட்டால் முதலில் "ஓம்" சொல்வது நான்தான். என் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.) நாலு பேர் கூடி நிற்பதைக் கண்டால் என் தலை தானாகவே குனிந்துவிடும். தையல் மெஷினுக்கு முன்னால் இருக்கும்போது மட்டும்தான் நான் ஒரு முழு மனிசி. ஊர்ப் பெண்களின் சட்டைகளை அரை இஞ்சி பிசகாமல் அளந்து தைத்துக் கொடுப்பேன். அப்படிப்பட்ட நான் என் சொந்த வீட்டு வாசலில் ஒன்றரை அடியைப் பிசகவிட்டேன்.

நாலைந்து வருடத்துக்கு முந்திய கதை. என் மகள் கௌசிக்குச் சாம்பல்தீவில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. பொடியன் சுதன், சொந்தமாக வள்ளம் வைத்திருக்கும் குடும்பம், ஆறடி உயரம். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வந்து இருப்பார். ஆகவே வீடு இல்லாமல் கலியாணம் இல்லை. எங்களுக்கு வீடு இருந்தது. ஆனால் ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போட்டுப் போட்டு ரோட்டு உயர்ந்து, வீடு பள்ளத்துக்குள் போய்விட்டது. மாரி மழைக்குக் கட்டில் காலடியில் தண்ணீர் நிற்கும். முன்பக்கத்தை இடித்து, நிலத்தை உயர்த்திக் கட்டி முடித்தால்தான் வீடு பார்க்க வருவோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினார்கள். அவர்கள் வந்து பார்த்து, பிடித்தால்தான் நாள் குறிப்பது.

என் கணவர் கட்டாரில் இருந்தார். வட்சப்பில் வீடு கட்டுகிற ஆட்களில் அவரும் ஒருவர். "ஒண்டரை அடி உயத்து. கிறவல் மண் போட்டு இறுக்கு. அதில ஒரு இஞ்சியும் குறையப்படாது, விளங்கிச்சோ?" என்றார்.

"ஓம்" என்றேன்.

வேலைக்குப் பிடித்தது கிண்ணியாவிலிருந்து வந்த றகீம் நானாவை. நல்ல மேசன். அதிகம் கதைக்காத மனிதர். அதிகம் கதைக்காத மேசனும், வாயே திறக்காத வீட்டுக்காரியும் சேர்ந்தால் வீடு அமைதியாக எழும்பும். எந்த அளவில் எழும்பும் என்பதுதான் கேள்வி.

அத்திவாரம் முடிந்ததும் வாசல் நிலை வைக்க நாள் பார்த்தோம். முதிரை மரத்தில் ஆறே முக்கால் அடி நிலை. சாத்திரியார் காலை ஏழரைக்குள் அரை மணி நேரம் நல்ல நேரம் என்று குறித்துத் தந்திருந்தார். நிலைக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மாவிலை கட்டியாயிற்று. அடியில் வைக்கத் துளி பொன் எடுத்து வைத்தாயிற்று. ஒழுங்கைச் சனம் முழுவதும் வந்து நின்றது. என் அக்காவின் புருசன், எங்கள் அத்தான், எல்லோருக்கும் முன்னால் நின்றார்.

அத்தானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் களஞ்சியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "கப்பலுக்கே அளவு பார்த்தவன் நான்" என்பார். (பார்த்தது கப்பலில் வந்த மூட்டைகளை.) யார் வீட்டில் வேலை நடந்தாலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு போய் நிற்பார். யாரும் கேட்காமலே பதில் சொல்லுவார்.

றகீம் நானா தண்ணீர் நிரப்பிய பிளாஸ்ரிக் குழாயை இரண்டு பக்கமும் பிடித்து மட்டம் பார்த்தார். பிறகு பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தங்கச்சி, நிலம் எவ்வளவு உயத்தப் போறீங்க? சொன்னாத்தான் நிலையை அந்த மட்டத்தில வைக்கலாம்."

வீடு கட்டுகிற முழுக் காலத்திலும் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அது. எனக்குப் பதிலும் தெரியும். ஒன்றரை அடி. இரண்டே சொல். என் கையில் தேங்காய்த் தட்டம் இருந்தது. முப்பது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் தலை குனிந்தது.

"பழைய நிலத்துக்குத்தான்!" என்றார் அத்தான். "பின்னறைகளோட சேர வேணுமெல்லோ? இது தெரியாதோ நானா உமக்கு? கெதியா வையும், நேரம் போகுது!"

நானா அவரைப் பார்க்கவே இல்லை. "தங்கச்சி, சரியா?" என்று என்னையே மறுபடியும் கேட்டார்.

"ஓம்" என்றேன்.

நிலை ஏறியது. தேங்காய் உடைந்தது. அத்தான் முதலாவது வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அடுத்த நாளும் சொல்லியிருக்கலாம். ஆனால் நல்ல நேரத்தில் வைத்த நிலையை அசைத்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் எண்ணம். என் பிள்ளையின் கலியாணம் அந்த மரச் சட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு நின்றது. அதனால் வாயை மூடிக்கொண்டு நானே எனக்கு எஞ்சினியர் ஆனேன். கிறவல் கொஞ்ச நாளில் அமுங்கும்தானே என்று யோசித்தேன். (ஒன்றரை அடிக் கிறவல் ஒன்றரை அடியும் அமுங்கும் என்று எதிர்பார்த்த எஞ்சினியர் உலகத்தில் நான் ஒருத்திதான்.)

சுவர் எழும்பியது. நிலைக்கு மேலே கொங்கிறீற் விழுந்தது. கூரையும் ஏறியது. அதன்பிறகு கணவர் சொல்லி வைத்த கிறவல் உழவு இயந்திரத்தில் வந்து இறங்கியது. றகீம் நானா அந்தக் குவியலைப் பார்த்தார். நிலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பழைய மட்டம் எண்டுதானே சொன்னீங்க?"

"ஓம்."

"இப்ப ஒண்டரை அடி போடவா சொல்றீங்க?"

"ஓம்."

"ரெண்டுக்கும் ஓமா தங்கச்சி?"

நான் நிலத்தைப் பார்த்தேன். அப்போது அது நல்ல ஆழத்தில் இருந்தது.

"கொங்கிறீற்றை உடைச்சு நிலையை மேல தூக்கிறதா?" என்று இறங்கிய குரலில் கேட்டார். நான் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தார். நிலையின் கீழ்ப்படியும், நாங்கள் வைத்த பொன்னும், என் மானமும் ஒன்றாகக் கிறவலுக்குள் போயின. மேலே மாபிள் பதித்தார்கள். சட்டை தைக்கிற டேப்பால் இரகசியமாக அளந்து பார்த்தேன். ஐந்தேகால் அடி.

கதவு செய்ய வந்த தச்சர் அளவை எடுத்துவிட்டு, "அலுமாரிக்கோ அக்கா?" என்று கேட்டார்.

இதில் ஒரு வசதி, எங்கள் வீட்டில் எல்லோரும் குட்டை. நான் ஐந்தடி. கௌசி ஐந்தடி இரண்டு. கொண்டை போட்டால்தான் அவளுக்கு முட்டும்.

"அம்மா, வாசல் என்ன சிறுத்துப் போச்சு?" என்று கேட்டாள்.

"நிலம் உயர்ந்தபடியா அப்பிடித் தெரியுது" என்றேன். அது முழு உண்மை. கணவர் போனில் "நிலை எல்லாம் சரியோ?" என்று கேட்டார். அதற்கும் ஓம்தான்.

மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க ஒரு ஞாயிறு காலை வந்தார்கள். சுதன், அவரின் அப்பா, அம்மா. அத்தான் அவர்களை ஒழுங்கை முனையிலேயே பிடித்துவிட்டார். நிலை வைத்த நாளுக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. வேறொரு வீட்டில் கிணறு வெட்டத் தொடங்கியிருந்தார்கள், அங்கே நின்றார். அதனால் அவருக்கு எதுவும் தெரியாது. விருந்தாளிகளின் முகத்தைப் பார்த்துக் கதைத்துக்கொண்டு, பின்பக்கமாக நடந்தே அவர்களைப் படியேற்றிக் கூட்டிவந்தார். நான் உள்ளே தேத்தண்ணித் தட்டத்தோடு நின்றேன். நிறுத்துங்கோ என்று கத்த வேண்டும். வாய் வரவில்லை.

"அசல் முதிரை நிலை! நானே நிண்டு, நானே மட்டம் சொல்லி வச்சது—"

டொக்.

பின்மண்டையைப் பிடித்துக்கொண்டு அத்தான் படியில் குந்திவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா பெரிய உடம்புக்காரர், கடலில் கதைத்துப் பழகிய குரல். குனிந்து வாசலை ஒருமுறை பார்த்தார்.

"மட்டம் சொன்னது நீங்களோ அண்ணை?" என்றார். "எங்கட வள்ளத்துக் கபினுக்க போகக்கூட நான் இவ்வளவு குனியிறேல்ல."

"இது... இது மேசன்ர பிழை!" என்றார் அத்தான். "கிண்ணியாவில இருந்து பிடிச்ச ஆள். சொல்லச் சொல்லக் கேக்கேல்ல!"

"ஆற்ற பிழையெண்டாலும் இருக்கட்டும். என்ர பொடியன் வாழ்நாள் முழுக்கத் தலையைக் குனிஞ்சு பொம்பிளை வீட்டுக்க போறதோ? சனம் என்ன கதைக்கும்? இது சரிவராது. சுதன், வா போவம்."

கௌசி குசினிக்குள், அடுப்படியில் நின்றாள். அவளின் முகம் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் அது நடந்தது. தட்டம் கையில் சரிந்து, தேத்தண்ணி எல்லாம் சோசருக்குள் ஊற்றுண்டு போக, என் வாயிலிருந்து சத்தம் வந்தது.

"இல்லை."

எல்லோரும் திரும்பினார்கள். அத்தான் மண்டையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் கதைத்து அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இல்லை. றகீம் நானா கேட்டவர். என்னட்டத்தான் கேட்டவர், ரெண்டு தரம். எனக்குச் சரியான அளவு தெரியும். சனத்துக்கு வெக்கப்பட்டுச் சொல்லாமல் விட்டனான். பிழை என்னோட. பிள்ளையோட இல்லை."

முப்பது பேர் முன்னால் சொல்ல வேண்டிய இரண்டு சொல்லைச் சொல்லாமல் விட்டதற்கு, வாசலின் இரண்டு பக்கமும் நின்றவர்களுக்கு இவ்வளவும் சொல்ல வேண்டி வந்தது. அப்போது எனக்குப் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

"என்ன இடிச்சது, என்ன இடிச்சது எண்டு எல்லாரும் கத்துறியள்? எனக்கு ஒண்டும் இடிக்கேல்லையே?"

மாப்பிள்ளையின் அம்மா. அவ எப்போதோ உள்ளே வந்து, நடுக்கதிரையில் அமர்ந்திருந்தா. உயரத்தில் என்னைவிட ஓர் இஞ்சி குறைவு. ஆண்கள் வெளியே நின்று சண்டை பிடிக்க, அவ நேரே நடந்து உள்ளே வந்திருக்கிறா. வாசலின் உயரம் அவவுக்குத் தெரியவே இல்லை.

"உமக்கென்ன, நீர் குட்டை!" என்றார் அவவின் கணவர் வெளியிலிருந்து. "நானும் பொடியனுமெல்லோ குனியவேணும்!"

"குனியுங்கோவன். முப்பது வருசமா உங்களுக்குக் குனிஞ்சு நடந்தது நானெல்லோ? அதுக்கு ஆரும் வீடு பிடிக்கேல்லை எண்டு திரும்பிப் போனவையோ?" அவ என் பக்கம் திரும்பினா. "சம்மந்தி, மழைக்கு வெள்ளம் வருமோ?"

"இல்லை" என்றேன். அன்றைக்கு அது என் நாலாவது 'இல்லை'.

"அப்ப வீடு நல்லம். தம்பி, உள்ள வா."

ஆறடி சுதன் மடிந்து, தோளைச் சரித்து உள்ளே வந்தார். வள்ளத்தில் பழகிய உடம்பு, இடிக்கவில்லை. தேத்தண்ணி எடுத்தார். சோசருக்குள் இருந்ததையும் சேர்த்துக் குடித்தார்.

கலியாணம் நடந்தது. வலது காலை முதலில் வைத்து வீட்டுக்குள் வருகிற படத்தில் மாப்பிள்ளைக்கு முகம் இல்லை, தலைப்பாகை மட்டும்தான் இருக்கிறது. கட்டாரிலிருந்து வந்த என் கணவர் கதவைத் திறந்து பார்த்து, நிலத்தைக் காலால் ஒருமுறை தட்டினார். பிறகு, "ஒண்டரை அடி குறையேல்லத்தானே?" என்றார். குறையவில்லை. மழைக்குத் தண்ணீரும் வரவில்லை. சம்மந்தியார் இன்றைக்கும் முன்வாசலால் வருவதில்லை, சுற்றிப் போய்க் குசினிக் கதவால்தான் வருவார். அவரின் மனைவி வேண்டுமென்றே முன்வாசலில் சிறிது நேரம் நிமிர்ந்து நின்றுவிட்டுத்தான் உள்ளே வருவா.

அத்தான் வேறு வீடுகளுக்குத் தொடர்ந்து மட்டம் சொல்கிறார்.

றகீம் நானா எங்கே நிலை வைத்தாலும், அளவு கேட்டு வீட்டுக்காரர் "ஓம்" என்று மட்டும் சொன்னால் பென்சிலைத் திரும்பக் காதில் செருகிவிடுவாராம். "ஓம் எனக்கு வேணாம், அடிக்கணக்கைச் சொல்லுங்க. நம்பாட்டி ஏறுங்க, ஒரு வாசல் காட்டுறேன்" என்று மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வீட்டைக் காட்டுவார். போன மாதம்கூடத் தோப்பூரிலிருந்து ஒரு புருசனையும் பெண்சாதியையும் கூட்டிவந்தார். அந்தப் பெண் என்னைப் போலவே சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றா. "அளவை நீங்க சொல்லுங்கோ" என்றேன் அவவுக்கு.

அவர்கள் போன பிறகு மருமகன் நெற்றியைத் தடவிக்கொண்டு, விருந்தாளிகள் யார் வந்தாலும் சொல்வதையே திரும்பவும் சொன்னார்.

"ஊரில எல்லாருக்கும் குனிஞ்ச மனிசி. இந்த வீட்டுக்குள்ள மட்டும்தான் மாமி தலை நிமிர்ந்து போறது."