இந்திரமான் கண்டுபிடித்த மெதுப் பயணம்

இனி வாழ்நாளில் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்திருப்பதில்லை என்று இந்திரமான் ராய் முடிவெடுத்தபோது மணி ஒன்பதரை. படுக்கையில் இருந்தபடியேதான் முடிவெடுத்தான். பெரிய முடிவுகளுக்கு எழுந்து உட்காரும் பழக்கம் அவனுக்கு இல்லை.

மூர்த்தி ஆற்றுக்கு இந்தப் பக்கம், காட்டுக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் நடுவில் அவனுக்கு ஒரு மரவீடு. சுற்றுலா வருகிறவர்களுக்கு அதில் இரண்டு அறை. சமைப்பது, துவைப்பது, விறகு பிளப்பது, மாடு கறப்பது எல்லாம் அவன் மனைவி சுகமாயா. மீதி வேலை முழுவதும் இந்திரமான். மீதி என்பது, விடிவதற்குள் விருந்தாளிகளை எழுப்பிக் காட்டோரமாக நடத்திக்கொண்டுபோய் யானையோ மயிலோ எதையாவது காட்டிவிட்டு வருவது. அதுதான் அவன் உயிரை எடுத்தது. சாப்பாட்டில் அவன் அசைவம். மற்றபடி அசைவு அவனுக்கு ஒத்துக்கொள்ளாது.

முந்தின நாள் சிலிகுரியிலிருந்து வந்துபோன ஒருவர்தான் அவன் கண்ணைத் திறந்தார். பெரிய ஊர்க்காரர்களெல்லாம் இப்போது ஓடி ஓடி எட்டு இடம் பார்ப்பதில்லையாம். ஒரே இடத்தில் மெதுவாக இருக்கிறார்களாம். அதற்கு மவுசு அதிகமாம். இதைக் கேட்ட சந்தோஷத்தில் இந்திரமானுக்கு அன்று தூக்கமே வரவில்லை என்று சொல்ல ஆசைதான். நன்றாகவே தூங்கினான்.

"இனிமே நம்ம வீட்ல மெதுப் பயணம்" என்றான் சுகமாயாவிடம்.

"அப்படின்னா?"

"மிருகத்தைத் தேடி நாம போகக்கூடாது. உக்காந்த இடத்துலயே இருக்கணும். அதுவா வரும்."

"வரலைன்னா?"

"வராததும் ஒரு அனுபவம்தான்."

"வெளியில வழிகாட்டின்னு போர்டு வச்சிருக்கீங்களே."

"வழியைக் காட்டுறவன் வழிகாட்டி. நடக்கிறவன் வழிப்போக்கன். நான் எதுன்னு நீயே போர்டுல பாத்துக்க."

சுகமாயா அடுப்பை ஊதினாள். அவள் பதில் சொல்லாமல் அடுப்பை ஊதினால் யோசிக்கிறாள் என்று அர்த்தம். பதினெட்டு வருஷத்தில் இந்திரமான் இதை ஒரு நாளும் கவனித்ததில்லை. அடுப்பு இருக்கும் பக்கம் அவன் போனால்தானே.

முதல் மெதுப் பயணிகளாகக் கல்கத்தாவிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். ஹைமந்தி லாஹிரி, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. பள்ளியைத்தான் விட்டிருந்தார், குரலை விடவில்லை. கணவர் அவனி பாபு மூன்று ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டுக்கொண்டு, மனைவி பேசும் இடங்களில் பேசாமல் இருப்பவர். அதாவது எங்கேயுமே பேசாதவர்.

இந்திரமான் வராந்தாவில் மூன்று பிரம்பு நாற்காலி போட்டான். இரண்டில் அவர்களை உட்காரவைத்தான். மூன்றாவதில் படுத்துக்கொண்டான்.

"அதோ தேயிலைச் செடி. அதுக்குப் பின்னால காடு. அங்கயே பாத்துக்கிட்டிருங்க" என்று கையை நீட்டினான். வழி காட்டியாகிவிட்டது. கண்ணை மூடினான்.

"ஏதோ அசையுது" என்றார் ஹைமந்தி, ஒரு மணி நேரம் கழித்து.

"காட்டு ஆடு" என்றான் கண்ணைத் திறக்காமல்.

"கழுத்துல மணி கட்டியிருக்கே."

"இந்தப் பக்கத்துக் காட்டு ஆடு அப்படித்தாம்மா இருக்கும்."

அவனி பாபு நோட்டுப்புத்தகத்தில் குறித்துக்கொண்டார்.

இந்திரமானின் கண்டுபிடிப்பில் ஒரே ஒரு சிறு குறை. நடக்கிறவர்களுக்குப் பசிக்கிறதோ இல்லையோ, சும்மா உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பசிக்கிறது. மத்தியானத்துக்குள் பதினோரு தடவை டீ போயிற்று. நடுநடுவே பஜ்ஜி. அதற்கும் நடுவே மோமோ. முன்பெல்லாம் விருந்தாளிகள் காட்டுப் பக்கம் போயிருக்கும் நேரத்தில் சுகமாயாவுக்கு இரண்டு மணி நேரம் வீடு அமைதியாகக் கிடைக்கும். இப்போது அதுவும் போயிற்று.

சாயங்காலம் அவன் எதிரில் வந்து நின்றாள்.

"சாம்சிங்ல அக்கா மக கல்யாணம். நாளைக்கே கிளம்பினாத்தான் சரியாயிருக்கும். பந்திக்குச் சேல் ரொட்டி சுடறது நான்தான்னு அக்கா எல்லார்கிட்டயும் சொல்லிட்டா."

"போன வருஷம்தானே போயிட்டு வந்தே?"

"அது சாவு."

"சொந்தக்காரங்களைப் பாத்தாச்சில்ல?"

அக்கா மகள் சுகமாயா தூக்கி வளர்த்த பெண். இந்திரமானுக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பேசினான்.

"நீ போயிட்டா டீ யாரு போடறது? விருந்தாளிங்க எங்க இருக்காங்களோ அங்கதான் நீ இருக்கணும். தொழில்னா அதான்."

"விருந்தாளிங்க இருக்கிற இடத்துல நான் இருக்கணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவேதான்."

அவள் உள்ளே போய் அடுப்பை ஊதினாள்.

மறுநாள் அவன் எழுந்து வந்தபோது வாசல் படியில் மூன்று பைகள் இருந்தன. ஹைமந்தி கேன்வாஸ் ஷூவில் நின்றார். அவனி பாபு நான்காவது ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டிருந்தார். சுகமாயா நெற்றிப் பட்டையில் கூடையை மாட்டி முதுகில் தொங்கவிட்டிருந்தாள்.

"எங்கம்மா கிளம்பிட்டீங்க?" என்றான்.

"மெதுப் பயணம்" என்றார் ஹைமந்தி. "நீங்க சொன்னது ரொம்பச் சரி. ஒரே இடம் போதும். சாம்சிங். தேயிலைத் தோட்டம் வழியா நடந்தே போறோம். நாளுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல நடக்கறதில்ல. சுகமாயாதான் வழிகாட்டி."

"இவளுக்கு என்ன தெரியும்?"

"காலையில விறகு பிளந்துகிட்டே ஏழு பறவை காட்டினா. அந்த ஆடு பக்கத்து வீட்டு ஆடுன்னும் அவதான் சொன்னா."

அவனி பாபு நோட்டுப்புத்தகத்தைத் திறந்து ஒரு வரியை அடித்தார்.

"நடக்கறதெல்லாம் சாருக்கு முடியுமா?" என்று இந்திரமான் அவர் பக்கம் திரும்பினான். அங்கே ஒரு ஆண்பிள்ளை உதவி கிடைக்கும் என்று நினைத்தான்.

"கடைசியில கல்யாண விருந்து இருக்காம்" என்றார் அவனி பாபு. ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவர் பேசிய முதல் வாக்கியம்.

இந்திரமான் மனைவியைத் தனியே இழுத்தான். "என்னடி இது?"

"விருந்தாளிங்க இருக்கிற இடத்துல இருக்கச் சொன்னீங்க. அவங்க அங்க இருக்கப்போறாங்க."

"அப்ப நானும் வரேன்."

"மாட்டை யாரு பாக்கறது?"

மூன்று பேரும் தேயிலை வரிசைகளுக்கு நடுவே இறங்கினார்கள். ஒவ்வொரு செடியாக நின்று பார்த்துக்கொண்டே போனார்கள். அவர்கள் பார்வையிலிருந்து மறைய முக்கால் மணி நேரம் ஆயிற்று. இந்திரமான் அவ்வளவு நேரமும் நின்றுகொண்டேயிருந்தான். அவன் வரலாற்றில் அதுவே புதுசு.

மாட்டின் பெயர் காலி. இந்திரமானின் பாஷையில் கறுப்பி என்று அர்த்தம். மூன்று நாளாகப் பால் பாத்திரமும் அதே பெயரில்தான் இருந்தது. இந்திரமான் பக்கத்தில் போனால் காலி உதைத்தாள். தூரத்தில் நின்றால் கத்தினாள். மடி கனத்து அவள் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கத்தார் வந்து எட்டிப் பார்த்து, என்ன பாவம் செய்தான் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டுக்காரி மனமிரங்கி நாளுக்கு ஒரு வேளை வந்து கொஞ்சம் கறந்து, பாலைத் தானே கொண்டுபோனாள். நான்காம் நாள் அவளும் கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

போன் போட்டான். அந்தப் பக்கம் மேளம் கேட்டது.

"காலி கிட்டயே விடமாட்டேங்கிறா."

"ஆணியில என் சால்வை தொங்குது பாருங்க. அதை எடுத்து முக்காடு போட்டுக்குங்க. என் பாவாடையைச் சுத்திக்குங்க. பேசவே பேசாதீங்க. உங்க குரல் கேட்டா உதைப்பா."

"நீ எப்ப வரே?"

"கல்யாணம் நாளையோட முடிஞ்சிடும். ஆனா ஹைமந்தி அம்மாவுக்கு இருவாச்சிப் பறவை பாக்கணுமாம். அது எப்ப வரும்னு யாரு கண்டா? உக்காந்த இடத்துலயே இருக்கோம். அதுவா வரும்."

அவன் போனை மறு காதுக்கு மாற்றினான்.

"அப்புறம், இங்க கல்யாணத்துல பழக்கமான ரெண்டு பேரை நம்ம வீட்டுக்கு அனுப்பியிருக்கேன். மிருகம் பாக்க வராங்க. மரியாதையா நடத்துங்க."

இந்திரமானுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. விருந்தாளி வந்தால் தானும் மறுபடி வழிகாட்டிதான். வரட்டும், மூன்று நாற்காலியையும் துடைத்துப் போடுவோம் என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணி. காலிக்குக் கடிகாரம் தேவையில்லை. இந்திரமான் சால்வையில் முக்காடு போட்டு, பாவாடையைச் சுற்றிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து மடியைத் தொட்டான். காலி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு விட்டுக்கொடுத்தாள். பனிமூட்டத்தில் முதல் பால் பாத்திரத்தில் சர்ரென்று விழுந்தது. வாழ்க்கையில் ஏதோ ஒன்றைச் செய்துவிட்டதாக அவனுக்கு மார்பு விம்மியது.

வேலிக்கு அந்தப் பக்கம் காலடிச் சத்தம். தொலைநோக்கியும் கையுமாக இரண்டு பேர்.

"அம்மா, நீங்க இங்க வேலை செய்யறவங்களா?" என்று ஒருவர் ரகசியக் குரலில் கேட்டார்.

இந்திரமான் திரும்பவில்லை. முக்காட்டை மட்டும் இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டான்.

"சுகமாயா அக்கா சொல்லி அனுப்பினாங்க. இந்த வராந்தாவுல அபூர்வமா ஒரு மிருகம் படுத்திருக்குமாம். வெயில் ஏர்ற வரைக்கும் அசையவே அசையாதாம். டீ வாசனை வந்தா மட்டும் ஒத்தைக் கண்ணைத் திறக்குமாம். கிட்டப் போனாலும் ஒண்ணும் பண்ணாதாம், எதுவுமே பண்ணாதாம். அதைப் பாக்கத்தான் இவ்வளவு வெள்ளென வந்தோம். எங்கம்மா அது?"

காலி காதை விடைத்தாள். பின்னங்கால் ஒன்று லேசாக எழும்பியது. இந்திரமான் பாத்திரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, முடிந்தவரை மெல்லிய பெண் குரலில் சொன்னான்:

"அந்த இனம் அழிஞ்சுபோச்சுங்க."