சம்பந்தி வீட்டுக் கிழங்குகள்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் முதலில் உங்கள் லில்லிக் கிழங்குகள், அப்புறம் என் மனைவி, கடைசியில் நான். நீங்கள் போனில் கிழங்கோடு விசாரணையை முடித்துக்கொள்வதால் மற்ற இருவரை நானாகச் சேர்த்துக்கொண்டேன். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளையும், எங்கள் மகளும் சௌகரியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் நீங்களே பேசி, நீங்களே பதில் சொல்லி, நீங்களே வைத்துவிடுவதால் கடிதம் எழுத வேண்டியதாகிவிட்டது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

வீட்டை இடித்துக் கட்டுகிறீர்கள், வாடகைக்குப் பிடித்த மாடி வீட்டில் துளி வெயில் இல்லை என்று அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் கூடத்தில் இறக்கினீர்களே, அன்றைக்கு நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசினேனா? "நானே மகரந்தம் சேத்து உண்டாக்கின ரகம் சம்பந்தி. உலகத்துல வேற யார்கிட்டயும் கிடையாது. செக்கச்செவேல்னு பூக்கும். குழந்தை மாதிரி பாத்துக்கங்க" என்றீர்கள். பெற்ற குழந்தையை நாங்கள் இவ்வளவு பயந்து வளர்க்கவில்லை ஐயா.

நடுகிற காலம் வரும்வரை குளிர்ச்சியாக, இருட்டாக, ஈரமில்லாமல் வைக்கச் சொன்னீர்கள். அப்படிப்பட்ட இடம் எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு ஒன்றுதான். காய்கறியை எல்லாம் வெளியே தள்ளிவிட்டு உங்கள் கிழங்குகளைக் காகிதம் சுற்றிப் படுக்கவைத்தோம். மறுநாளே போன். "பக்கத்துல ஆப்பிள் வெச்சிடாதீங்க! அதுல இருந்து வர்ற காத்து பட்டா உள்ள இருக்கிற மொட்டு கருகிடும்!" அவ்வளவுதான், என் மனைவி வீட்டுக்குள் ஆப்பிளுக்குத் தடை போட்டுவிட்டாள். எனக்கோ தினம் ஒரு ஆப்பிள் சாப்பிடச் சொல்லி டாக்டர் உத்தரவு. ஆகவே திருட்டு சிகரெட் பிடிக்கிறவன் மாதிரி நான் தெருமுனையில் நின்று ஆப்பிள் தின்றேன். தின்றுவிட்டு வாயைக் கொப்பளித்தால்தான் கதவு திறக்கும். எதிர்வீட்டு அம்மா ஒருநாள் பொறுக்கமாட்டாமல் என் மனைவியிடம் வந்து, "என்ன சண்டையா இருந்தாலும் வயசானவரை இப்படி வெளியில நிக்கவெச்சா சாப்பாடு போடுவீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நடுகிற காலமும் வந்தது. கொல்லைப்புறத்தில் தொட்டிகளை வரிசையாக வைத்து, மணலும் உரமும் கலந்து, கிழங்குகளை முழுசாகப் புதைத்து, முதுகை நிமிர்த்துகிறேன், போன். "கழுத்து வெளியில தெரியணும் சம்பந்தி, மூச்சு முட்டும்!" தோண்டினேன். உயர்த்தி வைத்தேன். போட்டோ அனுப்பச் சொன்னீர்கள், அனுப்பினேன். "இவ்வளவு வெளியில தெரியக் கூடாதே!" மறுபடியும் தோண்டினேன். மறுபடியும் போட்டோ. பக்கவாட்டில் இருந்து ஒன்று, மேலே இருந்து ஒன்று. என் மனைவி மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, "நம்ம பொண்ணைப் பாக்க வந்தப்போகூட அந்த மனுஷர் இத்தனை போட்டோ கேக்கலை" என்றாள். இது என் வார்த்தை இல்லை. அவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

தண்ணீர் விஷயத்தில் தப்பு என்னுடையது என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால், அதில் பாதிதான் உண்மை. ஆயுள் முழுக்க பம்பு மோட்டார் பழுது பார்த்தவன் நான். சொட்டுச்சொட்டாக ஊற்றுங்கள் என்கிறீர்கள், வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும் என்றும் மிரட்டுகிறீர்கள். சரி, தானாகவே அளந்து விடுகிற மாதிரி ஒன்றைச் செய்துவிடலாம் என்று பழைய மோட்டார் ஒன்றைப் பூட்டிக் குழாய் போட்டேன். சொட்டு வந்தது. நன்றாகவே வந்தது. உள்ளே போய் மனைவியைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் குழாய் பிய்த்துக்கொண்டு எழுந்து நின்று, மண்ணும் உரமுமாகச் சுவரைத் தாண்டி அடித்து, பக்கத்து லாண்டரிக்காரர் காயப்போட்டிருந்த வெள்ளைப் படுக்கை விரிப்புகளை எல்லாம் காப்பி நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. அவர் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "பூச்செடிக்குத் தண்ணி ஊத்துறீங்களா சார், இல்ல எங்கயாவது தீப்பிடிச்சிருக்கா?" என்றார். அன்றிலிருந்து என் சட்டைகளுக்கு அங்கே இஸ்திரி கிடையாது. கசங்கின சட்டையோடுதான் ஆப்பிள் தின்னப் போகிறேன்.

அப்புறம் இந்தத் தொட்டி திருப்புகிற கதை. தண்டு வெளிச்சத்தைப் பார்த்துச் சாயும், தினமும் அரைவட்டம் திருப்பி வையுங்கள் என்று என்னிடம் சொன்னீர்கள். நல்லது. அதையே என் மனைவியிடமும் தனியாகச் சொன்னீர்கள் என்பதை என்னிடம் சொல்லவில்லை. காலையில் நான் திருப்புவேன், சாயங்காலம் அவள் அதைப் பழையபடி திருப்பிவிடுவாள். இப்படியே நாங்கள் இருவரும் கடமை தவறாமல் உழைத்ததில், தண்டுகள் எல்லாம் லாண்டரி சுவர்ப் பக்கமாக ஒரேயடியாகச் சாய்ந்து ஒட்டுக்கேட்டுக்கொண்டு நிற்கின்றன. அவற்றில் உயரமானது விழுந்துவிடும் போலிருக்கவே முட்டுக்கொடுக்கக் கம்பு தேடினோம். என் கைத்தடி சரியான அளவாம். முழங்கால் வலிக்காரனான நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். உங்கள் லில்லி தடியோடு கம்பீரமாக நிற்கிறது.

போதும் ஐயா. "இந்தச் சனியன்கள் எப்போ இந்த வீட்டை விட்டுப் போகும்?" என்று என் மனைவி காலையும் மாலையும் கேட்கிறாள். சம்பந்தி உறவில் கசப்பு வரக்கூடாது என்பதற்காகத்தான் சொல்கிறேன். வண்டி அனுப்பி உங்கள் கிழங்குகளைப் பத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள். வாசல்வரை தூக்கிவந்து தருவது என் பொறுப்பு.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள். புது வீடு சீக்கிரம் எழும்பட்டும், அதில் நிறைய வெயில் விழட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புச் சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுவதற்குள் இங்கே நிலைமை மாறிவிட்டது. விஷயத்தை மகளிடம் வாய்தவறிச் சொல்லியிருந்தேன். மாப்பிள்ளை இன்று காலை வேன் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார். அதே காலையில் ஒரு மொட்டு விரிந்துவிட்டது. நீங்கள் சொன்ன சிவப்பு இல்லை. நல்ல வெள்ளை, ஓரத்தில் மட்டும் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிவிட்ட மாதிரி ஒரு சிவப்பு. லாண்டரிக்காரர் சுவருக்கு மேலே பார்த்துக்கொண்டே நின்றதில் அவர் கடையில் ஏதோ கருகும் வாசனை. என் மனைவி கொல்லைக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மேலே நான் எழுதியதை எல்லாம் நீங்கள் படிக்காததாகவே வைத்துக்கொள்ளவும். தாராளமாக வந்து பாருங்கள். வண்டி மட்டும் வேண்டாம். மாப்பிள்ளை, "அத்தை, அப்பாவோட செடி அது, எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அவள் கதவில் சாய்ந்துகொண்டு, "எங்க பொண்ணை உங்க வீட்டுல விட்டிருக்கோமே மாப்பிள்ளை, நாங்க திருப்பிக் கேட்டோமா?" என்றாள். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். நான் பூவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.