அனுமதி பெற்ற கசிவு

தாய்மார் நலச் சங்கத்தின் பிள்ளைக் காப்பகம் ஒரே ஒரு அறை. அந்த அறைக்கு நாலு சுவர், ஒரு கதவு, இரண்டு ஜன்னல், நாலு ஒழுக்கு. சங்கத்தின் சொத்துப் பட்டியலில் முதல் மூன்றும் முறைப்படி ஏறியிருந்தன. ஒழுக்கு மட்டும் ஏறாமல் விட்டுப்போயிற்று. பின்னால் வந்த தொல்லைகளுக்கெல்லாம் அந்தக் கவனக்குறைவுதான் மூலகாரணம் என்று சங்கத்தின் தலைவி இன்றுவரை வருத்தப்படுகிறார்.

அறையைப் பார்த்துக்கொள்பவள் ஆயாக்கா. அது பிள்ளைகள் வைத்த பேர். ஆயாவா, அக்காவா என்று நடந்த சண்டையில் இரண்டு கட்சியும் ஜெயித்ததால் வந்தது. பதினோரு பிள்ளைகளின் அம்மாக்களும் வேலைக்குப் போகிறவர்கள். மத்தியானம் சாப்பிட வைத்து, பாய் விரித்துத் தூங்க வைப்பது ஆயாக்காவின் பொறுப்பு. மழைக்காலத்தில் பாயையும் பிள்ளையையும் சேர்த்து இழுத்துக்கொண்டே இருப்பதும் அவள் பொறுப்புதான். எந்த ஒழுக்கு எப்போது சொட்டும் என்று அவளுக்கு மனப்பாடம். ஜன்னலோரத்து ஒழுக்கு அவசரக்காரி, தூறலுக்கே ஆரம்பித்துவிடும். அலமாரி ஒழுக்கு சோம்பேறி, மழை நின்ற பிறகுதான் விழித்துக்கொள்ளும். கதவோரத்து ஒழுக்குக்கு நிலையான புத்தி கிடையாது. நடு ஒழுக்குக்கு நேர் கீழே பட்டாணியின் பாய். பட்டாணி நாலு வயதுப் பெண், உருண்டையாக இருப்பாள், அவள் ஒரு கேள்வி கேட்டால் தெருமுனை வரை கேட்கும்.

போன மழையில் சுகாதார ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். ஈரத் தரையில் வழுக்கி, சுதாரித்துக்கொண்டு, "அடுத்த மழையிலும் தரை இப்படி இருந்தால் காப்பகம் பூட்டப்படும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து வானத்தில் பஞ்சுபோல ஒரு மேகம் நகர்ந்தாலும் ஆயாக்கா வாளியைத் தேட ஆரம்பித்தாள். பூட்டிவிட்டால் பதினோரு பிள்ளைகளும் எங்கே போகும்? அவள்தான் எங்கே போவாள்?

அவளுடைய தம்பி கொத்தனார். மாடியில் ஏறிப் பார்த்துவிட்டு, "பூ, இவ்வளவுதானா? அரை மூட்டை சிமெண்டு, அரை நாள் வேலைக்கா. ஞாயித்துக்கிழமை வந்து பூசிட்டுப் போறேன். காசெல்லாம் வேணாம், ஒரு டீ போட்டுக் குடு போதும்" என்றான்.

இந்த நல்ல செய்தியை ஆயாக்கா நேரே சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுபோனாள். நல்ல செய்தியைக் கூட்டத்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாது.

தலைவி ஓர் அலுவலகத்தில் முப்பத்துநாலு வருடம் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பால் பொங்கினால்கூட, "பால் பொங்கியுள்ளது கவனத்துக்குக் கொண்டுவரப்படுகிறது" என்றுதான் குரல் கொடுப்பார்.

"உன் தம்பி யார்?"

"கொத்தனாருங்க."

"அது தொழில். சங்கத்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?"

"நான் அக்கா, அவன் தம்பிங்க."

"அப்படியானால் இது உறவினருக்குக் காட்டும் சலுகை."

"அவன் காசே வாங்கலீங்களே!"

"சலுகையை அவர் நமக்குக் காட்டுகிறார். அது இன்னும் மோசம். நாளைக்குக் கூரை ஏன் ஒழுகவில்லை என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு ஒரு காகிதம் உண்டா?"

"ஒழுகலேன்னு யாரும்மா வந்து கேப்பாங்க?" என்றாள் தையல்காரம்மா. அவள் பட்டாணியின் தாய். வாயில் எப்போதும் இரண்டு குண்டூசி இருக்கும். பேச்சும் அதன் வழியாகத்தான் வரும்.

அப்போது தலைவியின் மருமகள் எழுந்தாள். விழா நடத்துவது எப்படி என்று மூன்று வாரம் போனில் பார்த்துத் தேர்ச்சி பெற்றவள். "அத்தை, பிரச்சினையை நாம தீர்க்கக் கூடாது. கொண்டாடணும். நிதி திரட்டுற விழா ஒண்ணு வைப்போம். கான்செப்ட், மழைத்துளி! எல்லாரும் வெளிர் நீலம். வாசல்ல வாளி மாதிரி ஒரு பிரேம், அதுக்குள்ள தலையை விட்டு போட்டோ எடுத்துக்கலாம்."

"பதினோரு பிள்ளைகளோட தலையை ஏற்கெனவே வாளிக்குப் பக்கத்துலதான் வெச்சிருக்கோம்" என்றாள் தையல்காரம்மா. குண்டூசி காரணமாக அது குறிப்பேட்டில் ஏறவில்லை.

கூரைச் சீரமைப்பு நிதி திரட்டும் மாபெரும் விழா ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. சங்கத்தில் மொத்தம் ஏழு பேர். அமைத்த குழுக்கள் ஒன்பது. தையல்காரம்மா மட்டும் மூன்று குழுவில் இருந்தாள். அவற்றில் இரண்டு, ஒன்றையொன்று கண்காணிப்பவை. ஆயாக்காவுக்கு வரவேற்புரை கொடுத்தார்கள். பேனரில் அவள் படமும் வரும் என்றார்கள்.

பேனர் வந்தது. பன்னிரண்டடி நீளம். தலைவி, மருமகள், சிறப்பு விருந்தினர், எல்லாருக்கும் நடுவில் ஆயாக்கா. அதுநாள் வரை தபால்தலையைவிடப் பெரிதாகத் தன் முகத்தை எந்தக் காகிதத்திலும் பார்க்காதவள் அவள். இப்போது வாளி வாய் அகலத்துக்கு அந்த முகம் சிரித்தது. "மூக்கு கொஞ்சம் பெரிசா இருக்கோ?" என்று நாலு பேரிடம் கேட்டாள். நாலு பேரும் இல்லை என்றார்கள். தம்பியின் அரை மூட்டை சிமெண்டு அதோடு அவள் நினைவிலிருந்து இறங்கிப் போயிற்று.

டிக்கெட்டும் விற்றாயிற்று. பிறகுதான், பொது இடத்தில் வசூல் செய்ய அனுமதி வாங்க வேண்டும் என்று அனுமதிக் குழு கண்டுபிடித்தது. தலைவியும் ஆயாக்காவும் நகர அலுவலகத்துக்குப் போனார்கள். மேஜை விசிறிக்குப் பயந்து ஒவ்வொரு காகிதத்தின் மேலும் ஒரு கல்லை வைத்துக்கொண்டு அனுமதி அலுவலர் உட்கார்ந்திருந்தார்.

"எதுக்கு வசூல்?"

"கூரை ஒழுகுது சார்" என்றாள் ஆயாக்கா.

"இப்ப ஒழுகுதா?"

"இப்ப எப்படி சார்? வெயில் மண்டையைப் பொளக்குதே."

"அப்ப ஒழுகலை."

"மழை வந்தா ஒழுகும் சார்."

"மழை வந்ததும் வாங்க. நேர்ல பாத்துக் கசிவுச் சான்றிதழ் தருவேன். சான்றிதழ் வந்தா அனுமதி."

"மழை வந்துட்டா காப்பகத்தையே பூட்டிருவாங்க சார்!"

"பூட்டிட்டா ஒழுகினா என்ன, ஒழுகாட்டி என்ன? வசூலே தேவைப்படாதே" என்றார் அலுவலர். ஒரு குடும்பத்தின் நெடுநாள் சிக்கலை அவிழ்த்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

தலைவிக்குக் கண் கலங்கியது. முப்பத்துநாலு வருட வேலையில் இப்படி ஒரு பதிலைத் தானே சொன்னதில்லையே என்ற ஏக்கம். மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "விதியில் மழைநீர் என்று இருக்கிறதா, வெறும் நீர் என்று இருக்கிறதா?"

அலுவலர் புத்தகத்தை எடுத்து, தூசி தட்டி, விரலை எச்சில் தொட்டுப் புரட்டினார். "நீர் கசிவதை நேரில் கண்டு... அட, ஆமா! எந்த நீர்னு இல்லையே!"

அடுத்த புதன்கிழமை காலை பதினோரு மணிக்குக் கூரை ஒழுகுவதாக முடிவாயிற்று.

புதன்கிழமை தெருக்குழாயிலிருந்து மாடிப்படி வரை பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒத்திகையாக இருக்கட்டும் என்று மருமகள் எல்லாரையும் நீல உடையில் வரச் சொல்லியிருந்தாள். கீழே அலுவலர் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில், முழங்கால் காதைத் தொட, குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மடியில் படிவம். பிள்ளைகள் சுற்றிலும் அண்ணாந்து நின்றன.

"மழை எப்ப வரும்?" என்றாள் பட்டாணி.

"பதினொண்ணுக்கு" என்றார் அலுவலர்.

வாளிகள் ஏறின. பத்து, இருபது, நாற்பது. மாடியில் தண்ணீர் குளமாக நின்றது. கீழே ஒரு சொட்டு விழவில்லை. பதினொன்றரைக்கு அலுவலர் குடையை மடக்கி, "கசிவு இல்லை. வெள்ளிக்கிழமை ஒரு வாய்ப்புத் தரேன். அன்னிக்கும் இல்லேன்னா மனு தள்ளுபடி" என்று சொல்லிவிட்டு, நாற்காலி இடுப்போடு எழுந்து, அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆயாக்கா மூச்சிரைக்க மாடிக்கு ஓடினாள். தண்ணீர் ஊற்ற வந்திருந்த தம்பி தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"என்னடா பண்ணினே?"

"திங்கக்கிழமை மேல வந்து பாத்தேன்கா. இத்தனை பேர் வாளியோட நிக்கப் போறீங்க, வெடிப்புல கால் மாட்டிக்குமேன்னு... பக்கத்து வேலையில கலவை கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு..."

"பூசிட்டியா?"

"பூசிட்டேன்."

"எத்தனையை?"

"நாலையும்" என்றான், நாலு கொலையை ஒப்புக்கொள்பவன் மாதிரி.

ஆயாக்கா அந்தக் குளத்திலேயே பொத்தென்று உட்கார்ந்தாள். பூட்டு இல்லை. பாய் இழுக்க வேண்டாம். இனி மேகம் அதுபாட்டுக்குப் போகலாம், வரலாம். அவளுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. தண்ணீரைக் கையால் அடித்து அடித்துச் சிரித்தாள். அப்போது மாடிப்படியில் ஒவ்வொன்றாக நீலத் தலைகள் முளைத்தன. ஒன்றும் சிரிக்கவில்லை.

அவசரக் கூட்டம் மாடியிலேயே, கணுக்கால் தண்ணீரில் கூடியது.

"கூரை சரியாயிடுச்சுங்க" என்றாள் ஆயாக்கா.

"எந்தத் தீர்மானத்தின்படி?" என்றார் தலைவி.

"டிக்கெட் வாங்கினவங்களுக்கு என்ன சொல்றது? சிறப்பு விருந்தினர் பேச்சை மனப்பாடம் பண்ணிட்டாராம்!" மருமகள் அழுதேவிட்டாள். "மழைத்துளி கான்செப்ட்ல துளியே இல்லேன்னா சிரிக்க மாட்டாங்களா?"

"அப்ப என்ன, கூரையைப் பழையபடி உடைச்சிரலாமா?" என்றாள் தையல்காரம்மா குத்தலாக.

எல்லாரும் குனிந்து காலடியில் இருந்த கூரையைப் பார்த்தார்கள். தையல்காரம்மாவுக்கே பயமாகிவிட்டது.

"உடைப்பது என்ற சொல் வேண்டாம்" என்றார் தலைவி மெதுவாக. "முந்தைய நிலைக்கு மீட்டெடுத்தல் என்று எழுதிக்கொள்ளலாம்."

கொத்தனார் கும்பிடு போட்டான். "எங்கையால பூசினதை நான் தொட மாட்டேன், ஆளை விடுங்க" என்று இறங்கிப் போனான். போகிற கோபத்தில் சுத்தியலை மறந்துவிட்டுப் போனான்.

இப்போது ஒரு தொழில்நுட்பச் சிக்கல் எழுந்தது. பூச்சு அவ்வளவு சுத்தம். வெடிப்பு எங்கே இருந்தது என்று தெரியவில்லை. ஏழு பேரில் ஆறு பேர் ஏழாவது ஆளைப் பார்த்தார்கள்.

"எனக்கு மறந்துபோச்சு" என்றாள் ஆயாக்கா.

"பரவாயில்லக்கா" என்று மருமகள் கண்ணைத் துடைத்தாள். "விழா இல்லேன்னா பேனரும் வேணாம். சுருட்டிப் பழைய சாமான் கடையில போட்டுரலாம்."

ஆயாக்கா கொஞ்ச நேரம் தண்ணீரில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தாள். அது சின்னதாகவும் கலங்கலாகவும் இருந்தது. விழா முடிந்ததும் அந்தப் பணத்தில் நல்ல உறுதியாகவே பூசிவிடலாம், மழைக்கு நாள் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு எழுந்து, ஜன்னல் பக்கத்துக் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டு வைத்து அளந்து, "இங்க ஒண்ணு. இங்க அலமாரி. இது கதவு. இதுதான் நடுவு, பட்டாணி இடம்" என்று காலால் காட்டினாள். தையல்காரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சுத்தியலால் நாலு போடு போட்டாள். சமச்சீராக இருக்கட்டும் என்று மருமகள் கேட்டதால் ஐந்தாவதாகவும் ஒன்று போடப்பட்டது.

வெள்ளிக்கிழமை கூரை ஜோராக ஒழுகியது. அலுவலர் குடையையும் மீறி நனைந்து, "ஐந்து கசிவுகள் நேரில் காணப்பட்டன" என்று எழுதி, முத்திரை குத்தி, கை குலுக்கினார்.

விழாவைப் பற்றி என்ன சொல்வது! தெருவே நீலமாயிற்று. வாளிப் பிரேமில் தலை விட வரிசை நின்றது. காற்று வீசிப் பேனர் பாய்மரம்போல உப்பி, மேடையையே இழுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தது. தையல்காரம்மா கத்தரிக்கோலால் முகத்துக்கு ஒரு கீறலாகப் போட்டுக் காற்றுக்கு வழி விட்டாள். ஆயாக்கா எழுதி வைத்திருந்த வரவேற்புரையை இரண்டு தடவை வாசித்தாள். இரண்டு தடவையும் கைதட்டினார்கள். சிறப்பு விருந்தினர் உணர்ச்சிவசப்பட்டு, "இந்த விழா ஆண்டுதோறும் நடக்க வேண்டும்!" என்று முழங்கினார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஆயாக்காவும் தட்டினாள். தட்டி முடித்த பிறகுதான் எதற்குத் தட்டினோம் என்று யோசித்தாள்.

ஆண்டுதோறும் விழா என்றால் ஆண்டுதோறும் அனுமதி. அனுமதிக்குச் சான்றிதழ். சான்றிதழுக்குக் கசிவு. கூரையைச் சரிசெய்வது சங்கத்தின் எதிர்காலத்துக்கே உலை வைக்கும் செயல் என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது. செலவு போக மிஞ்சியது அடுத்த விழாவுக்கு முன்பணமாயிற்று. சொத்துப் பட்டியலில் 'கசிவு - ஐந்து' என்று முறைப்படி ஏறியது.

மழை வந்தது. கூடவே சுகாதார ஆபீஸ்காரரும் வந்தார். கையில் பூட்டு. ஈரத் தரையில் இந்தத் தடவையும் வழுக்கி, சுவரைப் பிடித்தவர், அங்கே கண்ணாடி போட்டு மாட்டியிருந்த சான்றிதழைப் படித்தார்.

"இது அனுமதி பெற்ற கசிவா?"

"ஆமா சார்" என்றாள் ஆயாக்கா.

"முதல்லயே சொல்லக் கூடாதாம்மா?" அவர் பூட்டைப் பைக்குள் போட்டார். 'கசிவு விதிப்படி உள்ளது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடியே வெளியேறினார்.

மறுநாள் தம்பி அரை மூட்டை சிமெண்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். "போதும்கா உங்க விளையாட்டு. வழியை விடு."

ஆயாக்கா வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றாள். "தொடாதேடா! கசிவு போனா சான்றிதழ் போச்சு. சான்றிதழ் போனா பூட்டுப் போட்டுருவாங்க."

"கூரை ஒழுகலேன்னா எதுக்குக்கா பூட்டப் போறாங்க?"

அவள் விரித்த கையை இன்னும் அகல விரித்தாள். "விவரம் தெரியாம பேசாதே, போடா" என்றாள்.

அவன் மூட்டையை வாசலிலேயே போட்டுவிட்டுப் போனான். அது மழையில் ஊறி, இறுகிக் கல்லாகி, இப்போது கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது.

ஆயாக்கா ஒன்றும் செய்யாமல் இருந்துவிடவில்லை. அவளும் மனுஷிதானே. பேனரை எடுத்து, முகங்கள் கீழே பார்க்க, கூரைக்கு அடியில் நாலு மூலையிலும் ஆணி அடித்து விதானம்போலக் கட்டினாள். அன்று மத்தியானம் மழை கொட்டியது. பேனர் மெல்லத் தொய்ந்தது. பிள்ளைகள் வரிசையாகப் படுத்திருந்தன.

"ஆயாக்கா!"

"கண்ணை மூடித் தூங்குடி பட்டாணி."

"மேல பாருங்களேன்."

பார்த்தாள். தையல்காரம்மா போட்ட கீறல்கள் வழியாகத் தலைவியின் கண்ணாடியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. மருமகளின் தாடையிலிருந்து ஒன்று. சிறப்பு விருந்தினரின் வாயிலிருந்து நிற்காமல் ஒரு தாரை. நடுவில் ஆயாக்கா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் ஒழுகுறாங்க" என்று தெருமுனை வரை கேட்கச் சொன்னாள் பட்டாணி, நெற்றியைத் துடைத்துக்கொண்டே. "ஆனா நீங்கதான் ஆயாக்கா, நேரா என் மேல ஒழுகுறீங்க."